முன் சக்கரம் கண்ணுக்குத் தெரியாது

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குப் பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மூத்தவனுக்கு இரண்டரை வயது, சின்னவளுக்கு இப்போது ஏழு மாதம். பூஜை விடுமுறையில் நாத்தனார் குடும்பத்தோடு கேரளத்துப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்குப் போயிருந்தோம். கொழுந்தனார் துபாயிலிருந்து அனுப்பிய பெரிய ஸ்ட்ரோலரில் சின்னவளைப் படுக்கவைத்து நான்தான் தள்ளிக்கொண்டு வந்தேன். மதியம் வரை ஒன்றும் பிரச்சினையில்லை. மூன்று மணிக்கு அலைக்குளத்தில் அலை விடுவார்கள், ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுத்து உள்ளே வந்துவிட்டு அதை விடுவதா என்று எல்லோரும் வேகமாக நடந்தார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். முன்னால் போன பெரியவர் ஒருவர், எழுபது வயதிருக்கும், சட்டென்று நின்றுவிட்டார். வண்டி அவர் குதிகாலில் இடித்துவிட்டது. அவர் மலையாளத்தில் சத்தம் போட, என் வீட்டுக்காரர் பதிலுக்கு "தனிக்கு கண்ணில்லே?" என்று கேட்க, கூட்டம் கூடிவிட்டது. பையன் அழுதான், சின்னவள் அழுதாள், நானும் அழுதேன். வீடு வரும்வரை மாமியார் வாய் மூடவில்லை. "நாலு பெத்தேன், ஒண்ணையும் தள்ளுவண்டியில வெச்சுத் தள்ளல" என்பதுதான் பாட்டு. கிறிஸ்துமஸ் லீவில் மறுபடி போகலாம் என்று நாத்தனார் பிள்ளைகள் (13 வயது, 10 வயது) நச்சரிக்கிறார்கள். வண்டியை எடுத்துப் போகலாமா, கூடாதா? அன்றைக்குத் தப்பு யார் பேரில்?

(பெயர் வேண்டாம்)

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதுவே உங்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். இடித்தது உங்கள் வண்டி, தப்பு உங்கள் பேரில்தான் அம்மிணி. ஆனால் அழுகிற அளவுக்குப் பெரிய தப்பில்லை. பெரிய தப்பு அடுத்த நிமிடம் நடந்தது. அதைச் செய்தவர் உங்கள் வீட்டுக்காரர். இதை அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரோலர் தள்ளுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. முன் சக்கரம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. கைப்பிடியிலிருந்து சக்கரத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். நடுவில் வண்டியின் கூரை, அதன் மேல் வெயிலுக்குப் போட்ட துண்டு, மடியில் வைத்த பை. உங்கள் கால் நின்றுவிட்டது என்று நீங்கள் நினைக்கும்போது சக்கரம் அடுத்தவர் இடத்தில் நின்றுகொண்டிருக்கும். வாளையாரில் லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் கீழே இறங்கி, பலகையைத் தட்டித் தட்டி வழி சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுகிறவருக்கு எட்டாத இடத்தை இன்னொருவர் பார்க்கிறார். உங்கள் வண்டிக்கும் ஒரு கிளீனர் வேண்டும். கூட்டம் நெருக்கும் இடத்தில் வீட்டுக்காரர் வண்டிக்கு முன்னால் நடக்கட்டும், பின்னால் அல்ல. இடித்தால் அவர் குதிகாலில் இடிக்கட்டும், குடும்பத்துக்குள்ளேயே முடிந்துபோகும்.

ஆள் கிடைக்காதபோது முன்னால் போகிறவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு எட்டு இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் யாராவது புகுந்துகொண்டே இருப்பார்கள், எரிச்சலாக இருக்கும், சரி, புகுந்துகொள்ளட்டும். மறுபடி இரண்டு எட்டு விடுங்கள்.

அந்தப் பெரியவர் ஏன் அப்படிக் கத்தினார் என்பதை மருத்துவராகச் சொல்கிறேன். குதிகாலுக்கு மேலே பின்பக்கம் ஓடும் அந்தத் தடித்த தசைநாணைத் தொட்டுப் பாருங்கள். சதையே கிடையாது, தோலும் நாணும்தான். ஸ்ட்ரோலரின் கால்வைக்கும் பலகை சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கிறது. சுரீரென்று உயிர் போய்விடும். அதோடு நம் பக்கத்தில் எழுபது வயதுக்காரர் என்றால் சர்க்கரை இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கும், ரத்த ஓட்டம் குறையும், சின்னச் சிராய்ப்பும் ஆற மாதக்கணக்கில் ஆகும். என் அப்பா செருப்புக் கடியில் ஆரம்பித்து ஒரு விரலை எடுக்கிற வரை போனவர். அதற்குப் பிறகு சந்தைக்குப் போனால்கூட ஆள் நடமாட்டமில்லாத ஓரமாகப் பார்த்துத்தான் நடப்பார். யாராவது மிதித்துவிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார். அது கோபமில்லை, பயம்.

இப்போது வீட்டுக்காரர் விஷயம். எல்லையில் வளர்ந்த நமக்கு இரண்டு பாஷையும் வரும். கோபம் வந்தால் மட்டும் எந்தச் சொல் எந்த பாஷைக்கு என்பது குழம்பிவிடும். தமிழில் 'தாங்கள்' என்றால் பெரிய மரியாதை. மலையாளத்தில் முகம் தெரியாத பெரியவரைத் 'தான்' என்று விளித்தால் 'நீ' என்பதற்கு ஒரு படிதான் மேலே. அவர் காதில் விழுந்தது, காலில் இடித்ததைவிட வலித்திருக்கும். "சேட்டா, ஸாரி கேட்டோ" என்று மூன்றே சொல்லில் முடிந்திருக்கும். எழுபது வயதுக்காரரையும் சேட்டா என்றால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். 'அம்மாவா' (மலையாளத்தில் மாமா) என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள், அது இந்தக் காலத்தில் கேலிப் பேச்சாகிவிட்டது. வழி வேண்டுமென்றால் மணியடிக்கிற மாதிரி வண்டியை ஆட்டாமல் "ஒந்நு மாறுமோ?" என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது பேர் விலகுவதோடு குழந்தையைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு இதையெல்லாம் சொல்லத் தகுதி இருக்கிறதா என்றால், பாதிதான் இருக்கிறது. பேத்திக்கு ஒன்றரை வயதிருக்கும்போது மலம்புழாவுக்குப் போனோம். 1955-இல் காமராஜர் திறந்து வைத்த அணை. அன்றைக்குப் பாலக்காடு சென்னை மாநிலத்தில் இருந்தது. அங்கே தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் செய்த யக்ஷி சிலைப் பக்கம், புல்லில் ஒரு குடும்பம் செய்தித்தாளை விரித்துப் பொதிச்சோறு பிரித்து வைத்திருந்தது. நான் ஸ்ட்ரோலரை அவர்கள் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பெல்ட்டைக் கழற்றிப் பேத்தியைத் தூக்கினேன். தூக்கினேனோ இல்லையோ, வண்டி பின்பக்கமாக மல்லாந்து விழுந்தது. கைப்பிடியில் நான் மாட்டியிருந்த பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு ஃபிளாஸ்க், ஒரு கிலோ ஆரஞ்சு. குழந்தையின் எடை முன்னால் இருந்தவரை தராசு சமமாக இருந்திருக்கிறது. குழந்தை போனதும் பை ஜெயித்துவிட்டது. ஃபிளாஸ்க் மூடி திறந்து, வெதுவெதுப்பான தண்ணீர் அந்த அம்மாவின் சேலையிலும் வாழையிலையில் இருந்த சோற்றிலும் கொட்டியது.

நான் உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா என்னையே பார்த்துவிட்டு, "டாக்டறே, பாக் தூக்கியிடருதெந்நு டாக்டர் தன்னெயல்லே பறஞ்ஞது?" என்றார். பையை வண்டியில் தொங்கவிடக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறார். அவர் பிள்ளைக்கு நான் தடுப்பூசி போட்டிருக்கிறேன்! வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் அவரே "சாரமில்லா" (பரவாயில்லை) என்று சொல்லி, நான் வண்டியை நிமிர்த்தும்வரை என் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார். ஆரஞ்சு முழுவதையும் அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். பை இப்போதெல்லாம் வண்டிக்கு அடியில் இருக்கும் கூடையில்தான் போகிறது.

உங்கள் கதைக்கும் என் கதைக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு அன்றைக்கு எங்கேயும் ஓட வேண்டியிருக்கவில்லை. தோட்டத்துக்குக் கொடுத்த டிக்கெட் சில்லறைக் காசு. அதனால் உட்கார்ந்து துடைக்க நேரம் இருந்தது. உங்களுக்கு மூன்று மணி அலை காத்திருந்தது. கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் என்று. வண்டி இடிப்பது, வரிசையில் நுழைவது, அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவது எல்லாமே 'கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்' என்ற அந்தக் கணக்கில் வருகிறவை. மரியாதை தெரியாத குடும்பம் என்று யாரையும் சொல்லமாட்டேன். மாலை ஐந்துக்குள் முப்பது ராட்டினம் முடிக்க வேண்டிய குடும்பம், அவ்வளவுதான்.

பெரியவர்கள் காசுக் கணக்குப் போடட்டும். குழந்தைகளுக்கு வேறு கடிகாரம். ஏழு மாதக் குழந்தை ஒரு நாளில் 12-லிருந்து 16 மணி நேரம் தூங்க வேண்டும், பகலில் இரண்டு மூன்று தூக்கம் அதில் அடங்கும். இரண்டரை வயதுக்காரனுக்கு மதியம் ஒரு தூக்கம் கட்டாயம். அது தவறினால் மூன்று மணிக்கு அவன் உங்கள் பிள்ளையே இல்லை, வேறு யாரோ. நான் பார்த்த, கேட்ட பூங்காச் சண்டைகள் எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்காத பிள்ளைகளைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன.

இன்னொரு வேடிக்கை. பல பூங்காக்களில் குழந்தைக்கு டிக்கெட் வயதை வைத்து இல்லை, உயரத்தை வைத்து. இரண்டரை வயதுப் பையன் சராசரியாக 91, 92 சென்டிமீட்டர் இருப்பான். டிக்கெட் எடுக்க வேண்டிய உயரத்தைத் தாண்டியிருப்பான், பெரிய ராட்டினத்தில் ஏற விடுகிற உயரத்துக்கு இன்னும் பல வருஷம் இருக்கும். வாசலில் கோடு போட்டு நிறுத்துகிற பையனிடம் "ஒரு தடவைதானே, மடியில வெச்சுக்கறேன்" என்று கெஞ்சாதீர்கள். அந்தத் தடுப்புக் கம்பி ஒரு குறிப்பிட்ட உடம்பு அளவுக்குச் செய்தது. சின்ன உடம்பு அதற்கு அடியில் வழுக்கிப் போய்விடும். பின்னால் நிற்கிற ஐம்பது பேரின் நேரமும் அந்தக் கெஞ்சலில் போகும்.

சரி, வண்டி. எடுத்துப் போங்கள். ஆனால் துபாய் வண்டியை வீட்டில் வையுங்கள்.

அந்தப் பெரிய வண்டிகள் அகலமான நடைபாதைக்குச் செய்தவை. அமெரிக்காவில் இருக்கும் டிஸ்னி பூங்காக்களே 2019 மே 1-ஆம் தேதியிலிருந்து 79 சென்டிமீட்டர் அகலம், 132 சென்டிமீட்டர் நீளத்துக்கு மேற்பட்ட வண்டிகளை உள்ளே விடுவதில்லை. கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் போகிற வேகன் மாதிரி வண்டிகளுக்கு அறவே தடை. ஸ்ட்ரோலர் கூட்டத்துக்கு அத்தனை பழக்கப்பட்ட இடத்திலேயே இந்த நிலைமை. குடை மாதிரி மடக்குகிற சின்ன வண்டி ஒன்றை அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1965-இல் வடிவமைத்த ரகம் அது. போர் விமானத்தின் சக்கரக் கால் மடங்குகிற விதத்தில் வேலை செய்தவர், பேத்திக்கு இருந்த வண்டி தூக்க முடியாத கனமாக இருப்பதைப் பார்த்து இதைச் செய்தார். தாத்தாக்களால் சில நல்ல காரியங்களும் நடக்கத்தான் செய்கின்றன. ஒரு கையில் குழந்தை, மறு கையில் மடக்கிய வண்டி என்று படி ஏறலாம். சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளுக்கு நடுவே நிறுத்தி அடுத்தவர் வழியை மறிக்காமல், மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிடலாம்.

அதில் உட்காரப் போவது சின்னவள் இல்லை, மூத்தவன். அந்த ரக வண்டியில் முதுகு அதிகம் சாயாது, குழந்தை தானாக நிமிர்ந்து உட்கார வேண்டும். ஏழு மாதத்தில் சிலர் உட்காருவார்கள், சிலர் சரிவார்கள். சின்னவளை மார்போடு கட்டிக்கொள்கிற பேபி கேரியரில் வையுங்கள். முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், முகவாய் நெஞ்சில் இடியக் கூடாது, கால் இரண்டும் தவளை மாதிரி அகன்று, முழங்கால் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். மூத்தவன் காலையில் நடக்கட்டும். வண்டி அவனுடைய மதியத் தூக்கத்துக்கு.

மாமியார் சொன்னதில் பாதி சரி என்று அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். இடுப்பில் தூக்குவது குழந்தையின் இடுப்பு மூட்டுக்கு நல்லது. அவர் காலத்தில் வண்டி தேவைப்படவும் இல்லை. குருவாயூரில் சோறூட்டுக்கு ஆறு மாதக் குழந்தையைக் கொண்டுபோவதைப் பாருங்கள். அவ்வளவு நெரிசலில் யாராவது ஸ்ட்ரோலர் தேடுகிறார்களா? பாட்டி கையிலிருந்து மாமன் கைக்கு, மாமன் கையிலிருந்து சித்தி கைக்கு என்று குழந்தை கைமாறிக்கொண்டே இருக்கும். பூங்காவில் அந்தக் கைகள் எல்லாம் ராட்டினத்தில் ஏறிவிடுகின்றன! மிச்சம் நிற்பது அம்மா ஒருத்தி. ஏழு மாதக் குழந்தை ஏழரை கிலோ, இரண்டரை வயது 13 கிலோ, இரண்டும் சேர்ந்தால் இருபது கிலோ அரிசி மூட்டைக்கு மேல். காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை அதைத் தூக்கிக்கொண்டு நடக்க மாமியாராலும் முடிந்திருக்காது.

வண்டியை எடுத்தால் சில பழக்கங்களும் கூடவே வர வேண்டும். நிறுத்தினால் பிரேக்கை மிதியுங்கள். நீங்கள் போகப்போவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதம். டிசம்பரில் நம் பக்கத்துக் காற்று முருங்கையையே ஒடிக்கும், காலி வண்டியை உருட்டிக்கொண்டு போக எவ்வளவு நேரமாகும்? பூங்கா கொச்சிப் பக்கமாக இருந்தால் இவ்வளவு காற்று இருக்காது, ஆனால் சரிவுகள் உண்டு. பெல்ட் போடுங்கள், ஒரு நிமிடம் நிறுத்துகிற இடத்திலும். பிள்ளை தூங்குகிறான் என்று கூரையின் மேல் துணியைப் போர்த்தி மூடாதீர்கள். நிழல் கொடுப்பதாக நினைக்கிறோம், உள்ளே காற்று நின்று அடுப்பாகிவிடும். டிசம்பரிலும் பாலக்காட்டு மதியம் 30 டிகிரியைத் தாண்டும். அரை மணிக்கு ஒருமுறை பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வியர்த்து ஒட்டினால் வெளியே எடுத்துவிடுங்கள்.

வேர்க்கடலை. இதை ஒரு நிமிடம் நின்று சொல்ல வேண்டும். வண்டியில் உட்கார்ந்த பிள்ளையைப் பார்த்தால் நம்மவர்களுக்குக் கை சும்மா இருக்காது. கன்னத்தைக் கிள்ளுவார்கள், கையிலிருக்கும் பொட்டலத்திலிருந்து நாலு கடலையை எடுத்துக் கொடுப்பார்கள். பாசம்தான். ஆனால் நாலு வயதுக்குக் கீழே முழுக் கடலை கூடாது. ஆடுகிற வண்டியில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தபடி மென்றால் அது உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போகும். நான் இங்கிருந்து கோயம்புத்தூருக்கு ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பிக் குழாய் விட்டு எடுக்கவைத்த கடலைகள் ஒன்றிரண்டு அல்ல. கொடுக்கிறவர் மனம் நோகுமே என்று பார்க்காமல் "வேண்டாங்க, புரையேறும்" என்று வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: அடுத்தவர் பிள்ளைக்குத் தின்னக் கொடுக்கும் முன் அம்மாவைக் கேளுங்கள். கன்னத்தைக் கிள்ளாதீர்கள். லிஃப்ட் வாசலில் ஒரு ஸ்ட்ரோலரோ சக்கர நாற்காலியோ நின்றால், நடக்க முடிந்தவர்கள் படியில் போங்கள். வழிவிடுவது வண்டிக்காரர்களின் வேலை மட்டும் இல்லை.

தண்ணீர் விளையாட்டில் கண்ணுக்குத் தெரியாத மரியாதை ஒன்று இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு இருந்த பிள்ளையைக் குளத்தில் இறக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு கிருமி, குளோரின் கலந்த தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். டயப்பரைக் குளக்கரையில் மாற்றாமல் கழிப்பறைக்குக் கொண்டுபோங்கள். சின்னவளை எப்படியும் குளத்தில் இறக்க வேண்டாம்.

வரிசை விஷயத்தில் கேரளத்துக்காரர்களிடம் விளையாடக் கூடாது. பிவரேஜஸ் (அரசு மதுக்கடை) வாசலில்கூட ஒருவர் முதுகைத் தொடாமல் இன்னொருவர் நிற்கிற ஊர். 13 வயதுப் பெண் ஒருத்தியை வரிசையில் நிறுத்திவிட்டு, அவள் முன்னால் போனதும் ஸ்ட்ரோலரோடு எட்டுப் பேர் போய்ச் சேர்ந்துகொள்கிற வேலை வேண்டாம். ஏறுகிறவர் நிற்கட்டும், ஏறாதவர் வண்டியோடு நிழலில் இருக்கட்டும். கைக்குழந்தைக்காரர்களுக்கு நியாயமான ஒரு வழி உண்டு. டிஸ்னி பூங்காக்களில் இதை முறையாகவே வைத்திருக்கிறார்கள். கணவன் ஏறி இறங்குகிறவரை மனைவி குழந்தையோடு நிற்பாள், அவன் வந்ததும் மறுபடி முழு வரிசையும் நிற்காமல் அவள் ஏறிக்கொள்ளலாம். இங்கே பலகையில் எழுதி வைத்திருக்காவிட்டாலும், ராட்டினத்தை ஓட்டுகிறவரிடம் வரிசையில் நுழையும் முன்பே குழந்தையைக் காட்டிக் கேளுங்கள். கூட்டம் குறைவான நேரமாக இருந்தால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். தலையாட்டாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கூட்டம் என்றதும் நினைவு வருகிறது. கிறிஸ்துமஸ் வாரம்தான் போக வேண்டுமா? தமிழ்நாட்டில் அரையாண்டு லீவு, கேரளத்தில் கிறிஸ்துமஸ் லீவு, இரண்டு மாநிலத்துப் பிள்ளைகளும் ஒரே வாரத்தில் இறங்குகிறார்கள். சபரிமலை வண்டிகளும் அதே சாலையில். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கொச்சி என்றால் போக மூன்று மணி நேரத்துக்கு மேல், திரும்ப அதே அளவு. உங்கள் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடமே போகாதவை, அவற்றுக்கு எதற்கு லீவு நாள்? என் யோசனை இது. லீவில் நாத்தனார் பிள்ளைகளை வீட்டுக்காரரும் நாத்தனாரும் அழைத்துக்கொண்டு போய்வரட்டும், முப்பது ராட்டினத்திலும் ஏறட்டும். நீங்கள் சின்னவர்களோடு பொங்கல் முடிந்து ஒரு செவ்வாய், புதன் பார்த்து மலம்புழாவுக்குப் போங்கள், வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். பொம்மை ரயில் மாதிரி எதிலாவது நாலு தடவை சுற்றிவிட்டு, பையன் தூங்கும் நேரத்தில் மரத்தடியில் உட்காருங்கள்.

எல்லோரும் சேர்ந்துதான் போவோம் என்று வீட்டில் முடிவானால், வாசல் திறக்கும்போது உள்ளே இருங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் மூத்தவனுக்கு வேண்டியதை முடியுங்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை நிழலில் ஒரே இடம். பால் கொடுக்க மறைவான இடம் எங்கே என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மணி அலைக்கு வேண்டியவர்கள் ஓடட்டும், நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். கிளம்புவதற்கு முன் காலையில் பையனைப் போட்ட சட்டையோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் உங்கள் செல் நம்பரை எழுதுங்கள், ஒருவேளை கூட்டத்தில் விலகிவிட்டால் கண்டுபிடிக்க அது போதும்.

ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், பெரியவர், மாமியார், நாத்தனார் பிள்ளைகள், அலைக்குளம் எல்லாம் வந்தது. அன்றைக்கு நீங்கள் எந்த ராட்டினத்தில் ஏறினீர்கள் என்று ஒரு வரி இல்லை. டிக்கெட் உங்களுக்கும்தானே எடுத்தார்கள்? இந்தத் தடவை, மதியம் பையன் வண்டியில் தூங்கியதும், சின்னவளை மாமியார் இடுப்பில் கொடுங்கள், நாலு பெற்றவர், பார்த்துக்கொள்வார். வண்டிப் பக்கத்தில் வீட்டுக்காரரை உட்காரவையுங்கள், பிரேக் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் 13 வயதுக்காரியைக் கூட்டிக்கொண்டு போய் எதிலாவது ஏறுங்கள். எதில் ஏறினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.